தண்ணிக்கதவு

கதவின் கீழ்ப்பாதியில், முழங்கால் உயரத்தில், உள்ளங்கை அகலத்துக்கு ஓரிடம் மட்டும் சூடாக இருந்தது.

ஹேமலதா டேப்பைச் சுருட்டிப் பைக்குள் போட்டுவிட்டு மறுபடியும் தொட்டுப் பார்த்தாள். மேலே கைவைத்தால் மலைக்குளிர் மரத்தில் ஊறி விரல் விறைத்தது. கீழே அந்த ஒரே இடத்தில் மட்டும், யாரோ இப்போதுதான் எழுந்துபோன நாற்காலியில் இருப்பதுபோல ஓர் இளஞ்சூடு; கூடவே லேசான ஈரம். வெயில் பட்டிருக்கும் என்று சொல்லிக்கொள்ளலாம்தான். ஆனால் அது பங்களாவின் வடக்குப் பக்கம், மூன்று நாளாக மூடுபனி விலகவே இல்லை.

அந்த இடத்தைப் பற்றிக் குறிப்பேட்டில் ஏற்கெனவே எழுதியாகிவிட்டது. 'துரையின் செல்ல நாய் கதவைத் தட்டித் தட்டித் தேய்ந்த இடம். விருந்தினர்கள் ரசிப்பார்கள்.' முதலாளி ஆறுமுகசாமி சொன்னதை அப்படியே எழுதியிருந்தாள். நாய் என்றால் நகக்கீறல் இருக்க வேண்டும். இங்கே கீறலே இல்லை. தேக்கு மரம் அம்மிக்கல்லைப் போல வழவழத்துக் குழிந்திருந்தது. பழைய கட்டடங்களை அளந்து, வரைந்து, பழுது பார்ப்பதையே படிப்பாகப் படித்தவளுக்கு இது தெரியாமல் இல்லை. தெரிந்தும் எழுதினாள்.

கொல்லிமலையில் காப்பித் தோட்டம் போட வந்த ஒரு வெள்ளைக்காரத் துரை நூறு வருடத்துக்கு முன்னால் கட்டிய பங்களா அது. இரண்டடிக் கருங்கல் சுவர், சுண்ணாம்புப் பூச்சு, தேக்கு உத்தரம், மூன்று பக்கமும் சுற்றி ஓடும் வராந்தா, அறைக்கு அறை கணப்படுப்பு. அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து வளைந்து வளைந்து ரோடு ஏறி வருவதற்கு வெகு காலம் முன்பே எழும்பிவிட்டது. ஓடு, கண்ணாடி, இரும்புத் தூண், துரை குளிக்கிற பீங்கான் தொட்டி எல்லாமே மலைக்காரர்களின் தலையில்தான் மேலே வந்தன. துரை ஒரு செங்கல்லைக்கூடத் தொட்டிருக்க மாட்டார். ஆனாலும் கட்டியது துரைதான் என்று ஹேமலதா எழுதிய வரலாறு சொன்னது. எல்லா வரலாறும் அப்படித்தானே சொல்கிறது என்று அவள் சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

ஒரே கூரைக்குக் கீழே அங்கே இரண்டு வீடு இருந்தது. முன்பக்கம் வாழ்கிறவர்களுக்கு, பின்பக்கம் வேலை செய்கிறவர்களுக்கு. ஹேமலதா தொட்டுப் பார்த்த இந்தக் கதவு குளியலறையிலிருந்து பின்பக்கத்துக்குப் போகிறது. தண்ணீர் கொண்டு வருகிறவர்கள் கம்பளத்தில் கால் வைக்காமல் வந்து போவதற்கு. வெளிப்பக்கம் அந்தக் கதவுக்குக் கைப்பிடி கிடையாது. தாழ்ப்பாள் உள்ளே மட்டும். கல்லூரியில் இந்த மாதிரிக் கதவைப் பற்றி, 'எவ்வளவு நேர்த்தியான ஏற்பாடு' என்று எழுதி அவள் நல்ல மார்க் வாங்கியிருக்கிறாள்.

இப்போது அந்தக் கதவை அடைக்கப் போகிறார்கள். பங்களா தங்கும் விடுதியாகிறது. குளியலறைக்குக் கண்ணாடித் தடுப்பும் வெந்நீர்க் குழாயும் வருகின்றன. கொத்தனார் கருப்பண்ணன் செங்கல்லைக் கல்படிக்குப் பக்கத்தில் அடுக்கி வைத்துவிட்டு, காலையில் வந்து கட்டிவிடுவதாகச் சொல்லிப் போயிருந்தார்.

அவள் கல்படியைப் பார்த்தாள். கதவைப் பார்த்தபடி இரண்டு பாதங்கள் அளவுக்குக் கல் தேய்ந்து குழிந்திருந்தது. நீளம் இருபத்திரண்டு சென்டிமீட்டர். மழை இல்லை, பனிதான். இரண்டு குழியிலும் தண்ணீர் நின்றது.

*

நினைக்க வேண்டாம் என்று மூன்று நாளாகத் தள்ளிவைத்தது, கைவேலை முடிந்ததும் தானாக வந்து நின்றது.

முதல் நாள் காலை. முன்ஹாலில் ஆறுமுகசாமியும் அவர் மனைவி ராதிகாவும் உட்கார்ந்திருக்க, ஹேமலதா வரைபடத்தை விரித்து விளக்கிக்கொண்டிருந்தாள். ஆறுமுகசாமிக்கு அவள்மேல் தனி மரியாதை. இருவருக்கும் ஒரே ஊர், மலையடிவாரத்துக் காளப்பநாயக்கன்பட்டி. 'நம்ம அருணாசலம் வாத்தியார் பொண்ணு' என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவார். அப்போது பங்களாவிலேயே தங்கி முப்பது வருடமாகச் சமையலுக்கு இருக்கும் பாப்பாயி காப்பித் தட்டோடு வந்தாள். டம்ளரை வைத்தவள் நிமிர்ந்து பார்த்தாள். கை அப்படியே நின்றது.

"கண்ணு, நீ எங்க மாதம்மா புள்ளதானே?"

அந்தக் கையை ஹேமலதாவுக்கு நன்றாகத் தெரியும். அம்மாவின் கை அப்படித்தான் இருக்கும், சுண்டுவிரல் கொஞ்சம் வளைந்து. மாதம்மாள் மலைமேல் குண்டனி நாட்டிலிருந்து இறங்கி வந்து வாத்தியாரைக் கட்டிக்கொண்ட மலைக்காரப் பெண். ஹேமலதாவுக்கு ஒன்பது வயதானபோது செத்துப்போனாள். அப்பா வீட்டார் அதன்பிறகு அவளைச் சேலத்துப் பக்கத்துக்காரி என்று சொல்லி, சொல்லி, அதுவே உண்மையாகிவிட்டது. மாதம்மாளின் அக்கா பாப்பாயி மட்டும் வருடம் ஒருமுறை பலாப்பழத்தைத் தலையில் வைத்துக்கொண்டு பார்க்க வருவாள். ஒருநாள் பள்ளிக்கூட வாசலுக்கே வந்துவிட்டாள். கூட நின்ற பிள்ளைகள் யாரென்று கேட்டார்கள். பலாப்பழம் விக்கறவங்க என்று ஹேமலதா சொன்னாள். அதோடு பெரியம்மா வருவது நின்றது.

"தெரிஞ்சவங்களா மேடம்?" என்று ஆறுமுகசாமி கேட்டார்.

"இல்லீங்க சார். எனக்குத் தெரியலீங்க. வேற யாரையோ நெனச்சுட்டுக் கேக்கறாங்க போல."

பாப்பாயி ஒரு நொடிகூடத் தாமதிக்கவில்லை. "ஆமாங்க. எனக்குக் கண்ணு மங்கிப் போச்சுங்க," என்று சொல்லிவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு போனாள்.

ஹேமலதாவைக் காப்பாற்றிவிட்டுப் போனாள். அதுதான் தாங்க முடியவில்லை. திட்டியிருந்தால்கூட இந்த மூன்று ராத்திரியும் தூங்கியிருக்கலாம்.

*

ஐந்தரை மணிக்குப் பாப்பாயி துணிமூட்டையோடு பின்பக்கம் வந்தாள். சீருடை போட்ட ஆட்கள் நாளையிலிருந்து வருகிறார்கள். அவளுக்கு இன்றோடு வேலை முடிந்தது. கல்படிக்கு நாலடி தள்ளியே நின்றுகொண்டாள்.

"ஏனுங்க அம்மிணி, இந்தக் கதவ நாளைக்கு அடைக்கறாங்களாமா?"

'ஏனுங்க' என்றும் 'அம்மிணி' என்றும் அவள் சொன்னது ஊசி குத்துவதுபோல இருந்தது. "ஆமாங்க," என்றாள் ஹேமலதா. கண்ணைத் தூக்கவில்லை.

"அப்ப இன்னைக்கு ஒரு நாளைக்கு மட்டும் நீங்க ஒண்ணு சொல்லிப்போடோணும். மூணே வார்த்தைங்க. வெளக்கு வெக்கற நேரத்துக்கு உள்ளார நின்னுக்கிட்டு, 'வெச்சுட்டுப் போ ஆத்தா'ன்னு சொல்லோணும். நான் முப்பது வருசமாச் சொல்லிட்டு வாரேன். எனக்கு முன்னால எங்கம்மா சொன்னாங்க. இன்னைக்கு ஆறு மணி பஸ்ஸ உட்டா எனக்கு ஊடு போய்ச் சேர முடியாது."

"யாருக்குச் சொல்லணும்?"

பாப்பாயி கதவைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். சொன்னது ரொம்பச் சின்னக் கதை. அவள் அப்புச்சியை, அதாவது அம்மாவின் அப்பாவை, பெற்றவள் பொன்னாயி. துரைக்கு வெந்நீர் சுமக்கிற வேலை. தூரத்துத் தண்ணியடுப்பிலிருந்து செம்புத் தவலையைத் தலையில் வைத்துக்கொண்டு வருவாள். இரண்டு கையும் தவலையைப் பிடித்திருப்பதால் முழங்காலால்தான் கதவைத் தட்டுவாள், மூன்று தட்டு. உள்ளேயிருந்து 'வெச்சுட்டுப் போ' என்று குரல் வர வேண்டும். வராமல் இறக்கக் கூடாது. ஒருதடவை இறக்கி வைத்துத் தண்ணீர் ஆறிப்போனதற்கு முதுகில் சவுக்கு விழுந்திருக்கிறது. ஒரு மார்கழியில் துரைக்கு விருந்தாளிகள், குடி, கூத்து. பொன்னாயி தட்டினாள். உள்ளே ஒருத்தன் யாரென்று கேட்க, இன்னொருத்தன் நாய் என்று சொல்ல, எல்லாரும் சிரித்தார்களாம். யாரும் அந்த வார்த்தையைச் சொல்லவில்லை.

"விடிய விடிய நின்னுருக்குதுங்க. காத்தால பாத்தா கதவுல சாஞ்சபடிக்கு அப்படியே வெறச்சுக் கெடக்குது. தவலையத் தலையில இருந்து எறக்க ரெண்டு ஆளு வேண்டியிருந்துச்சாம்."

ஹேமலதாவின் கையில் குறிப்பேடு இருந்தது. அதில் நாய் இருந்தது. அதை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னமும் தட்டுதுங்க. அந்தச் சொல்லச் சொன்னாப் போயிரும், பாவம். அதுக்கு மேல ஒண்ணும் பேச வேண்டாம். அந்தச் சொல்லு மட்டும் போதும்."

"எங்கிட்ட ஏன் சொல்றீங்க? சார்ட்டச் சொல்லலாமே?"

"எங்க சனம் சொன்னாத்தானுங்க அதுக்குக் காது கேக்கும்." பாப்பாயி மூட்டையை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டாள். "வேற யாருட்டங்க நான் சொல்றது?"

அவ்வளவுதான் சொன்னாள். முகத்தில் குற்றச்சாட்டு ஏதும் இல்லை. ஹேமலதா 'பெரிம்மா' என்று கூப்பிட்டிருக்க வேண்டும். வாயைத் திறந்தாள்கூட. அதற்குள் வராந்தா மூலையிலிருந்து ராதிகா, "மேடம், டீ ஆறிப் போகுதுங்க," என்று குரல் கொடுத்தாள். "இதோ வாரேங்க," என்று ஹேமலதா திரும்பிப் போய்விட்டாள். கீழே ரோட்டில் பஸ் ஹாரன் கேட்டபோது டீயைக் கையில் வைத்துக்கொண்டிருந்தாள்.

*

ஆறரைக்கெல்லாம் பனி ஜன்னலை வந்து அடைத்துக்கொண்டது. முன்ஹாலில் கணப்பு எரிந்தது. புருஷனும் பெண்டாட்டியும் ஏதோ பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஹேமலதா கடைசியாக ஒரு அளவு பாக்கி இருக்கிறது என்று சொல்லிவிட்டுக் குளியலறைக்கு வந்தாள். அளவு ஒன்றும் பாக்கி இல்லை. ஒரு ஆளும் இல்லாத இடத்தில் அந்த மூன்று வார்த்தையைச் சொல்லிவிட்டுப் போய்விடலாம் என்றுதான் வந்தாள். சொன்னால் பெரியம்மாவுக்கு ஏதோ ஒன்றைத் திருப்பிக் கொடுத்த மாதிரி இருக்கும்.

அறையில் ஒற்றை பல்பு. பீங்கான் தொட்டியின் அடியில் துரு ஒழுகிய பழுப்புக்கோடு. சுவர்ச் சுண்ணாம்பின் பச்சை வாசனையோடு, இந்த அறையில் இதுவரை இல்லாத இன்னொரு வாசனை மெல்லக் கலந்து வருவதை அவள் மூக்கு முதலில் கண்டுகொண்டது: விறகுப் புகை, அதற்குப் பின்னால் ஈரத்துணி, தலைச்சுமைக்கு வைக்கிற சும்மாட்டுத் துணி நாள்பட நனைந்து காய்ந்து நனைந்தால் வருகிற புழுங்கிய வாடை. பள்ளிக்கூட வாசலில் பலாப்பழத்தோடு நின்றவளிடமிருந்தும் அந்த வாடைதான் வந்தது. வெளியே கல்தரையில் வெறுங்கால் நடக்கிற சத்தம். பாரம் சுமக்கிற கால். ஒவ்வொரு அடியும் முழுசாகப் பதிந்து, அடுத்த அடிக்கு யோசித்து எழும்பியது.

கதவுக்கு வெளியே வந்து நின்றது.

தொம். தொம். தொம்.

தாழ்ப்பாளில் அல்ல, நடுவில் அல்ல. கீழே. முழங்கால் உயரத்தில்.

ஹேமலதாவுக்குச் சொல்ல வேண்டியது தெரியும். ஆனால் அந்தச் சொல் துரையின் சொல். அம்மாவுடைய அப்புச்சியைப் பெற்றவளிடம், 'வெச்சுட்டுப் போ' என்று எப்படிச் சொல்வது? அதற்குப் பின்னால் வருகிற 'ஆத்தா'வைத்தான் எப்படிச் சொல்வது? இருபது வருடமாக வாயில் வராத உறவு அது.

வெளியே மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது. பொறுமையாக, சீராக, காத்திருந்து பழகியவர்களின் மூச்சு.

தொம். தொம். தொம்.

"என்னங்க மேடம் சத்தம்?" ஆறுமுகசாமி குளியலறையை ஒட்டிய படுக்கையறையின் வாசலுக்கே வந்துவிட்டார். டம்ளரைப் பிடித்தபடி உள்ளே எட்டிப் பார்த்தார். "யாருங்க அது கதவத் தட்டறது?"

இப்போது சொல்லலாம். அவர் முன்னாலேயே சொல்லலாம். எங்க ஆத்தாதானுங்க, எங்கம்மா வழி, பாப்பாயி எங்க பெரியம்மாங்க. ஒரு மூச்சில் முடிந்துவிடும்.

"யாருமில்லீங்க சார்," என்றாள். "நாய்தான்."

அவர் சிரித்தார். "துரையோட நாய் இன்னும் போகலையாட்ட இருக்குது," என்று சொல்லிக்கொண்டே திரும்பி நடந்தார். முன்ஹாலில் அதைச் சொல்லிச் சிரிப்பதும் கேட்டது.

வெளியே மூச்சு நின்றது.

அவளுக்குப் பயத்தைவிட வெட்கம்தான் பெரிதாக இருந்தது, உடம்பெல்லாம் கூசியது. நூறு வருடத்துக்கு முன்னால் எந்த வார்த்தையைக் கேட்டுப் பொன்னாயி நின்றாளோ, அதே வார்த்தை. அதே கதவுக்கு இந்தப் பக்கத்திலிருந்து. சொன்னது சொந்த ரத்தம்.

கதவுக்கு அடியில் தண்ணீர் வந்தது. மெல்ல. ஆவி பறக்க. அவள் செருப்பைத் தொட்டு நின்றது.

கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. இனி எந்தப் பரிகாரமும் சின்னதாக இருக்கக் கூடாது என்று தோன்றியது. இறக்கி வைத்துவிட்டுப் போ என்று விரட்டுவதா? ஒருத்தரும் சொல்லாததை, நூறு வருடமாக இந்த வீட்டில் யாரும் அவளிடம் சொல்லாததை, தான் சொல்ல வேண்டும்.

தாழ்ப்பாளை நீக்கினாள். கதவைத் திறந்தாள்.

"உள்ள வாங்க ஆத்தா."

வெளியே பனி. கல்படி. செங்கல் அடுக்கு. வேறு யாரும் இல்லை.

வலது தோளை உரசிக்கொண்டு ஏதோ உள்ளே போனது. முதலில் குளிர். பிறகு புகை வாசனை. பிறகு அதுவும் இல்லை. பாரம் இறங்கியவர்கள் விடுகிற நீளமான பெருமூச்சு ஒன்று அறைக்குள்ளிருந்து கேட்டது.

போயிருப்பாளா, படியில் ஏதாவது இருக்கிறதா என்று பார்க்க ஹேமலதா ஓரடி வெளியே வைத்தாள். செருப்பு ஈரத்தில் வழுக்கிக் கழன்றது. வெறுங்கால் குழியில் இறங்கியது. அடுத்த காலும். இரண்டும் அச்சில் வார்த்ததுபோலப் பொருந்தின. இருபத்திரண்டு சென்டிமீட்டர். அளந்தவள் அவள்தான். தன் பாதத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கத் தோன்றவில்லை.

கதவு சாத்திக்கொண்டது. அதிர்ந்து அல்ல. மெதுவாக.

உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.

திரும்பினாள். தள்ளிப் பார்க்கக் கையைத் தூக்கினாள். கை கதவுக்குப் போகவில்லை. மேலே போனது. தலைக்கு மேலே. மற்ற கையும். விரலுக்கடியில் செம்பு விளிம்பு. கொதிக்கிற விளிம்பு. உச்சியில் பாரம் உட்கார்ந்தது. கழுத்து எலும்பு ஒன்றோடொன்று நெருங்கி இறங்கியது. நெற்றியில் ஈரத்துணி. ஒரு சொட்டு வெந்நீர் புருவத்தில் இறங்கிக் கண்ணுக்குள் போனது.

இறக்க முடியவில்லை. விரல்கள் கேட்கவில்லை.

கத்தினாள். வாய் திறந்தது. வெளியே வந்தது மூச்சு மட்டும்.

மிச்சம் இருந்தது முழங்கால்தான். தூக்கினாள். கதவில் அதற்கென்று ஓர் இடம் வழவழப்பாகக் குழிந்து, இளஞ்சூடாகக் காத்திருந்தது.

தொம். தொம். தொம்.

உள்ளே செருப்புச் சத்தம் வந்தது. "மறுபடியும் தட்டுதுங்களே," என்றார் ஆறுமுகசாமி. "யாருங்க மேடம்?"

ஒரு குரல் பதில் சொன்னது. நல்ல குரல். படித்த குரல். பதினைந்து வருடம் பாடுபட்டுத் திருத்திய உச்சரிப்பு, ஒவ்வோர் எழுத்தும் ஹேமலதாவுடையது.

"தெரியலீங்க சார். நாய்தான்."

இருவரும் சிரித்தார்கள். கதவுக்கு அடியில் தெரிந்த வெளிச்சம் அணைந்தது. காலடிகள் முன்ஹாலுக்குப் போயின. அங்கே அந்தக் குரல், துரை இந்தப் பங்களாவை எப்படிக் கட்டினார் என்று விளக்க ஆரம்பித்தது.

பனி இறங்கிக்கொண்டே இருந்தது. காலையில் கருப்பண்ணன் வந்து எடுப்பதற்காகப் படியோரத்தில் செங்கற்கள் நனைந்து கிடந்தன. ஹேமலதா முழங்காலைத் தூக்கினாள்.